மழைக் கைதட்டல்

பேச மாட்டாள். இன்றைக்கும் பேச மாட்டாள். சத்துணவு முடிந்து வந்து உட்கார்ந்ததிலிருந்து ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடுகின்றன, கடக்கு கடக்கு என்று, எந்நேரமும் ஓடுகிற அதே ஓட்டம், இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுகூட அந்தத் தாளத்துக்குத்தான். மேஜை மேல் அவளுடைய தண்ணீர் பாட்டில். காலையில் அவள் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே நிற்கிறது. அதைப் பார்க்காதே கோகிலவாணி. வேறெங்காவது பார். சுவரைப் பார், உன் கைக்காசில் பெயின்ட் வாங்கி நீயே வரைந்த சூரியகாந்தியைப் பார், அதன் நடுவில் நீயே எழுதினதைப் பார், மனசு அறை. அதற்குக் கீழே பொடி எழுத்தில், இங்கே சொன்னது இங்கேயே இருக்கும். ஐயோ. அந்தப் பக்கமும் பார்க்க முடியாது. இத்தனூண்டு அறையில் கண்ணை வைக்க எனக்கு ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. நாளைக்கு ஆபீசர் வருகிறார். மாவட்டத்திலிருந்து வருகிறார், ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை இவ்வளவு நன்றாக நடக்கிறதாமே என்று பார்க்க வருகிறார், பிடித்திருந்தால் மற்ற பள்ளிகளிலும் இதே மாதிரி செய்யச் சொல்லப் போகிறாராம். எச்.எம். நஞ்சப்பன் சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஏனுங் டீச்சர், அந்தப் புள்ளையவே ப்ரேயர்ல பேச வெச்சுருங்க. நாலு வரி போதும். நான் பயந்துட்டு இருந்தனுங், மிஸ்தான் என்னைய மாத்துனாங்கன்னு. கேக்கறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துரோணும்." எந்தப் புள்ளை? மூன்றாம் வகுப்பு சஸ்மிதா. என் எதிரில் உட்கார்ந்து வெடித்த உதட்டின் தோலைப் பல்லால் இழுத்துக்கொண்டிருக்கிற சஸ்மிதா. இந்தப் பீரியட் அதற்குத்தான். மன்னிப்புக் கேட்க இல்லை, ஒத்திகை பார்க்க. சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டுவதற்கென்றே கழுத்துமேல் வைத்த தலை.

இது முன்னால் முட்டை அறை. சத்துணவு முட்டை அட்டைகளும் பருப்பு மூட்டையும் கிடந்த இடம். எத்தனை முறை பினாயில் போட்டுக் கழுவினாலும் ஒரு வாடை மிச்சம் இருக்கிறது. இப்போதும் வருகிறது. அவளுக்கும் வருமா? அவள் மூக்கைச் சுளிக்கவில்லை, எனக்குத்தான் வருகிறது போலிருக்கிறது. ஆலோசனைப் பயிற்சி முடிந்து வந்த ஜோரில் சாவி வாங்கித் திறந்து, ஒட்டடை அடித்து, ஆலோசனை அறை என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். ஒரு குஞ்சுகூட வரவில்லை. ஆலோசனை என்றால் என்ன என்று நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டதற்கு இன்னொருவன், "அடி உழுகற ரூமுடா" என்றான். சும்மா சொல்லவில்லை அவன். மற்ற டீச்சர்கள், ஆட்டம் போட்டீன்னா கோகிலா மிஸ் ரூமுக்கு அனுப்பீருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் ஆக்கிவிட்டார்கள் என் அறையை. எல்லோரிடமும் சண்டை பிடித்தேன். தண்டனைக்கென்று ஒரு பிள்ளையும் இங்கே வரக்கூடாது என்றேன். பிறகு, சேட்டைக்காரர்களும் அழுமூஞ்சிகளும் மட்டும் வந்தால்தானே வருகிறவன் முகத்தில் கறை ஒட்டும், எல்லோரும் வரட்டும் என்று வரிசை போட்டேன், முதல் ரேங்க் எடுக்கிறவன் முதலில் வரட்டும், வகுப்புத் தலைவன் வரட்டும், ஒரு குறையும் இல்லாதவர்கள் வந்து படம் வரைந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அது வேலை செய்தது. எழுத்தையும் மாற்றி மனசு அறை ஆக்கினேன். எனக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூளை எல்லாம் இருந்தது. அப்புறம் அந்த டப்பா. அதோ, அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எல்லார் வீட்டிலும் ஊசியும் நூல்கண்டும் போட்டு வைத்திருக்கும் நீல நிறத் தகர பிஸ்கட் டப்பா. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். எனக்குச் சொல்லாதே, இதுக்குள்ள சொல்லு, சொல்லிவிட்டு நீயே மூடியைப் போட்டு அமுக்கிவிடு, அப்புறம் அது வெளியே வராது என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சும்மா தோன்றியது. முகத்தை டப்பாவுக்குள் விட்டுக்கொண்டு பேசினால் குரல் உருண்டு வேறு யாருடையதோ மாதிரி கேட்கும். அது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. என்னவெல்லாம் சொன்னார்கள். அப்பா குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடப்பது, பென்சில் திருடினது, தம்பி பிறந்த பிறகு அம்மா தன்னை மடியில் வைத்துக்கொள்ளாதது. சொல்லி முடித்து இரண்டு கட்டைவிரலாலும் மூடியை அமுக்குவார்கள், டப் என்று ஒரு சத்தம், உடனே முகம் தெளிந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவேன். பொய்யில்லை. அது பொய்யே இல்லை, அந்தச் சந்தோஷம் நிஜம். அப்படியானால் நான் எந்த இடத்தில் கெட்டுப்போனேன்?

"தண்ணி ஒரு வாய் குடிச்சுக்கறயா கண்ணு?" என்கிறேன். தலையை ஆட்டுகிறாள், வேண்டாம் என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஆட்டுகிறாள். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்து டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அன்றைக்குச் சொன்னாள், நான் பாய்ல ஒண்ணுக்குப் போயிர்றேன், தெனமும் போயிர்றேன். டப் என்று மூடினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது அவளாகவே இன்னும் கொஞ்சம் சொன்னாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தறியில் நைட் ஷிப்ட். லைன் வீட்டில் அவளும் தம்பியும்தான். கக்கூஸ் வரிசையின் கடைசியில், தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி, அந்தச் சந்தில் விளக்கு கிடையாது. அங்கே ஒரு நாய் படுத்திருக்கும். போக வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிப் படுத்துக்கொள்வாளாம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு அவள் அம்மா சூடு போடப் பார்த்திருக்கிறாள், மந்திரிக்கக் கூட்டிப் போயிருக்கிறாள். அம்மாவிடம் பேசலாமா என்று சஸ்மிதாவிடம் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் பேசினேன், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, குழந்தைக்கு ஆபத்து இருந்தாலொழிய அதனிடம் கேட்காமல் எதையும் வெளியே எடுக்காதே என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு. கேட்கத் தெரிந்திருக்கிறதே எனக்கு! அன்றைக்குக் கேட்கத் தெரிந்தவளுக்கு ப்ரேயரில் ஏன் தெரியவில்லை? சரி. அவள் அம்மா கலாமணி வந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. பக்கத்து வீட்டுக்காரம்மா ராத்திரி ஒருமுறை எழுப்பிக் கூட்டிப் போவதென்று ஏற்பாடு. சந்துக்கு நானே ஒரு பல்பு வாங்கிக் கொடுத்தேன், தறிக்காரர் வயர் இழுத்துக் கொடுத்தார். ஒரு பல்பு எரிந்தது, பாய் காய்ந்தது. டப்பாவுக்குள் வாயை வைத்து, "இன்னைக்கும் நனையலீங்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். அதோடு விட்டிருந்தால் இந்த உலகத்துக்கு என்ன குறைந்திருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் கைதட்டல். ப்ரேயரில் குறள் ஒப்பித்தால் ரயில் கைதட்டல், படம் வரைந்தால் பட்டாசுக் கைதட்டல், பெரிதாக ஏதாவது ஜெயித்து வந்தால் மட்டும் மழைக் கைதட்டல். முதலில் உள்ளங்கையில் ஒரே ஒரு விரலால் தட்ட வேண்டும், தூறல். பிறகு இரண்டு விரல், மூன்று விரல், கடைசியில் முழுக்கை, சடசடவென்று அடைமழை. அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து தட்டினால் நிஜமாகவே தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும், உடம்பு சிலிர்க்கும். அதைக் கொண்டுவந்ததும் நான்தான். எல்லா நல்ல காரியத்தையும் நான்தான் கொண்டுவந்திருக்கிறேன், என்னைப்போல் உண்டா. போன திங்கட்கிழமை ப்ரேயரில் நஞ்சப்பன் சார் மைக்கைக் கொடுத்து, மனசு அறையைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்க டீச்சர் என்றார். வாங்கினேன். பொதுவாகத்தான் பேசத் தொடங்கினேன், அது நினைவிருக்கிறது. பயத்தை மனசில் வைக்கக் கூடாது, சொன்னால் தீரும் என்று ஏதோ. பிறகு என் வாய். "நம்ம மூணாங்கிளாஸ் சஸ்மிதா இருக்கறாளே, தெனமும் ராத்திரி பாய்ல ஒண்ணுக்குப் போயிட்டிருந்தவ, இப்ப ஒரு மாசமா பாய் நனையாம எந்திரிக்கறா! முன்னால வா கண்ணு. எல்லாரும் ஒரு மழைக் கைதட்டல் குடுங்க பாக்கலாம்!" மைக்கில். தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கிற மைக்கில். பெயரைக் கூப்பிட்டதுமே அவள் சிரித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள், எதற்கென்று தெரியாமலே, பரிசு ஏதோ கிடைக்கப்போகிறது என்று. பாதி வரும்போது நான் சொல்லி முடித்தேன். சிரிப்பை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அது முகத்தில் அப்படியே இருந்தது. தூறல் தொடங்கிற்று, ஒரு விரல், இரண்டு விரல், அந்தப் பக்கம் ஒரு களுக், இந்தப் பக்கம் ஒரு களுக், அடைமழை வருவதற்குள் பாதிப் பேர் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவளும் சிரித்தபடியே நின்றாள். நானும் சிரித்துக்கொண்டு தட்டினேன். நான்தான் எல்லாரையும்விட பலமாகத் தட்டினேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று அன்று ராத்திரி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அதைக் கொஞ்சம் திருத்தினேன். வாய் தவறவில்லை, சந்தோஷ மிகுதியில் வந்தது, பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பத்துப் பேரிடம் சொல்கிற தாய் மாதிரி. அது நன்றாக இருந்தது, தாய் மாதிரி. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். இப்போது இங்கே உட்கார்ந்து அவள் கழுத்தைப் பார்க்கும்போது, அந்தச் சின்னக் கழுத்தில் வேர்க்குருவும் பவுடரும் திட்டாக, அதுவும் நிற்க மாட்டேன் என்கிறது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அன்றைக்கு யார் நின்றார்கள்? வட்டார வள மையத்திலிருந்து ஒரு சார் வந்திருந்தார், வேறு ஏதோ கணக்கு வாங்க. மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொதுவாகப் பேசினபோது அவர் நிமிரவே இல்லை. அதுதான். அவர் நிமிரவே இல்லை என்பதை நான் கவனித்தேன். சஸ்மிதா என்று சொன்னபோது நான் சஸ்மிதாவைப் பார்க்கவில்லை. பாய் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்தார். நான் அந்த முகத்தைப் பார்த்தபடிதான் மீதியைச் சொன்னேன். அவர் மொபைலைப் பையில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், பலே என்கிற மாதிரி. எனக்கு உள்ளே இனித்தது. தாயாவது, பிள்ளையாவது. ஒரு ஆள் நிமிர்ந்து பார்ப்பதற்காக ஒரு குழந்தையின் பாயை நடு மைதானத்தில் விரித்துக் காட்டினேன். அந்த ஆள் போய்ச் சொல்லித்தான் நாளைக்கு ஆபீசர் வருகிறார். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேட வேண்டாம், வெட்கமாக இருக்கிறது, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது, எட்டு வயதுப் பிள்ளை எதிரில்.

தறி நின்றுவிட்டது. கரண்ட் போயிருக்கிறது. திடீரென்று இவ்வளவு அமைதி வந்தால் காது அடைத்துக்கொள்கிறது. பக்கத்து வகுப்பில் ஒரு நாற்காலி இழுபடுகிறது, எங்கோ காக்கா கத்துகிறது, அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, வராண்டாவில், அது. தட். தட். தட். ஒரே ஒரு விரல், உள்ளங்கையில். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வந்த யாரோ. தறி ஓடிக்கொண்டிருந்தபோதும் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது. இவ்வளவு நேரம் அவள் அந்த ஜன்னலை எதற்குப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டாள். நான் எழுந்து போவதற்குள் காலடிச் சத்தம் ஓடி மறைந்துவிட்டது. பிடித்தால்தான் என்ன செய்வேன்? முந்தாநாள் ஒருவனைப் பிடித்தேன், காதைத் திருகினேன். "கைதான் மிஸ் தட்டுனேன், நீங்கதானுங் சொல்லிக் குடுத்தீங்க" என்றான். காதை விட்டுவிட்டேன். வைதால் திட்டு என்று சொல்லலாம், அடித்தால் அடி என்று சொல்லலாம், பாராட்டுகிறவனை என்னவென்று தண்டிப்பது? அவள் நடந்தால் ஒரு விரல், அவள் எழுந்து பதில் சொன்னால் ஒரு விரல், பாட்டிலைத் திறந்தால் இரண்டு விரல். அதனால் அவள் பாட்டிலையே திறப்பதில்லை. நேற்றுக் காலையில் கலாமணி ஷிப்ட் முடிந்து நேராக கேட்டுக்கே வந்துவிட்டாள், கண்ணெல்லாம் சிவந்து. "மிஸ், என்ற புள்ள தண்ணியே குடிக்க மாட்டீங்கறாளுங். கேட்டா, குடிச்சாத்தான வருதுங்கறா. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு அழுகறாளுங். மறுக்காவும் பாய் நனையுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ், என்னையக் காட்டியும் உங்ககிட்டத்தான் அவ மனசு உட்டுப் பேசுவா." அவளுக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்து தூங்குகிற நேரம் ப்ரேயர் நேரம். பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லவில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அவளைக் காட்டிக் கொடுத்தேன், அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் என்ன செய்தேன்? பேசறேங்க கலாமணி, இன்னைக்கே டாக்டரம்மாகிட்டயும் காட்டீருங்க என்றேன், பெரிய மனுஷி மாதிரி. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மற்ற பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்த வாரம் வந்தவர்கள் எல்லாம் டப்பாவைத் தூரத்தில் வைத்துக்கொண்டு பேசினார்கள். "எனக்கு வானவில் புடிக்குமுங்." டப். "எனக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்." டப். போன மாதம் அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதவன், "எங்கப்பா ரொம்ப நல்லவருங்" என்று டப்பாவுக்குச் சொல்லிவிட்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். முட்டை அறையாக இருந்தபோதாவது இதற்குள் சத்து இருந்தது. நாளைக்கு இதைத்தான் ஆபீசருக்குக் காட்டப் போகிறேன். சூரியகாந்தி, டப்பா, நாலு வரி ஒப்பிக்க ஒரு குழந்தை. உண்மையைச் சொல்லிவிடலாமே என்று ஒரு நினைப்பு வருகிறது, வந்த வேகத்தில் அதன் பின்னாலேயே இன்னொன்று ஓடி வந்து அதன் கையைப் பிடித்து இழுக்கிறது. சொன்னால் இந்த அறையை மூடிவிடுவார்கள், மூடினால் இத்தனை பிள்ளைகளுக்கும் நஷ்டம், பிள்ளைகளை உத்தேசித்தாவது நீ வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும் கோகிலவாணி. எவ்வளவு அக்கறை. என்னுடைய பயத்துக்குப் பிள்ளைகளின் பெயரை வைத்துக் கூப்பிடுகிறேன். நஞ்சப்பன் சார் முகம் எப்படிப் போகும்? ஸ்டாஃப் ரூமில் என்ன பேசுவார்கள்? ரொம்பத்தான் ஆடினாள் என்பார்கள். கலாமணி என்ன சொல்வாள்? கும்பிட்ட கையை என்ன செய்வாள்?

"நாளைக்கு..." என்று தொடங்குகிறேன். நாளைக்கு ஆபீசர் வருவாரு கண்ணு, நீ நாலு வரி. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அவள் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் சொல்லி முடித்திருப்பேன். கோபம் இல்லை. இந்த மிஸ் இனி என்ன செய்யப் போகிறாள் என்கிற பயம்தான் இருந்தது. நாயைப் பார்க்கிற மாதிரி, சந்தில் படுத்திருக்கிற நாய். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மூடியைத் திறந்தேன். இதுவரை ஒரு தரமும் நான் இதற்குள் பேசினதில்லை, எனக்கெல்லாம் என்ன இருக்கிறது சொல்வதற்கு. முகத்தை உள்ளே விட்டேன். பழைய பிஸ்கட் வாசம், எத்தனையோ பிள்ளைகளின் மூச்சு. "நான் தப்புப் பண்ணீட்டேன்" என்றேன். குரல் உருண்டு யாருடையதோ மாதிரி வந்தது. "சஸ்மிதா இதுக்குள்ள சொல்லி மூடி வெச்சத நான் தொறந்து எல்லாத்துக்கும் சொல்லீட்டேன். அவகிட்டக் கேக்கவே இல்ல. என்னையப் பெரிய டீச்சர்னு எல்லாரும் சொல்லோணும்னு சொல்லீட்டேன்." கண்ணீர் தகரத்தில் விழுந்தது சத்தமாகக் கேட்டது. நிமிர்ந்து மூடியைத் தேடினேன், போட்டு அமுக்கிவிட, டப் என்று அந்தச் சத்தம் வந்துவிட்டால் எனக்கும் முகம் தெளிந்துவிடும் என்று.

மூடி அவள் கையில் இருந்தது. தொடைக்கு அடியிலிருந்து எப்போது கையை எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "குடு கண்ணு" என்று கையை நீட்டினேன். தரவில்லை. "இத ப்ரேயர்ல சொல்லுவீங்களா மிஸ்?" என்றாள். ஒரு வாரம் கழித்துக் கேட்கிற குரல், தொண்டை வறண்டு கரகரவென்று இருந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, என்னைச் சொல்லச் சொல்கிறாள் என்று. விளங்கியதும் என் புத்தி ஓடின ஓட்டத்தைச் சொல்லவே நாக்கூசுகிறது. "ப்ரேயர்ல சொன்னா மறுக்காவும் உன்ற பேரச் சொல்லோணுமே சாமி. உனக்குத்தான கஷ்டம்" என்றேன். அவளுக்காகப் பார்க்கிறேனாம். அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்ற பேரு வேண்டாங் மிஸ்" என்றாள். "உங்க பேரச் சொல்லுங்க." மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "டப்பாவத் தொறந்து வெளிய சொல்லீட்டேன், அது தப்புன்னு சொல்லுங்க. அந்தத் தட்டு இனி யாருக்கும் தட்ட வேண்டாம்னு சொல்லுங்க." நாளைக்கா என்றேன். ஆமாங் என்றாள். ஆபீசர் இருப்பாரே என்று நான் சொல்லவில்லை, ஆனால் என் முகம் சொல்லியிருக்கும். அவளுக்கு என் முகம் நன்றாகத் தெரியும். "சொல்றேன்" என்றேன். சொல்றேன் என்ற வார்த்தை வெளியே வந்துவிட்டதே தவிர, உள்ளே ஒருத்தி அதைப் பிடித்துத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தாள், அவள் இப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

மணி அடித்தது. கரண்ட்டும் வந்துவிட்டது, தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவள் எழுந்தாள். மூடியை மேஜையில் வைப்பாள் என்று பார்த்தேன். கையிலேயே வைத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, "சொன்னதுக்கு அப்புறம் தர்றனுங் மிஸ்" என்றாள். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். நீல மூடியை மார்போடு பிடித்துக்கொண்டு வராண்டாவில் நடந்து போனாள். யாராவது விரலால் தட்டினார்களா என்று தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. எதிரில் நஞ்சப்பன் சார் வந்தார், அவள் தலையை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னங் டீச்சர், பேசறாளா?" பேசறாளுங்க சார் என்றேன். "பாத்தீங்களா, நான் சொன்னன்ல! ஆமா, டப்பாவுக்கு மூடி எங்கீங்? ஆபீசர் மொதல்ல அதத்தான கேப்பாரு." சஸ்மிதாகிட்ட இருக்குதுங்க என்றேன். "வெளையாட்டுச் சாமானா அது, வாங்கி வெய்யுங்க இப்பவே." நாளைக்கு ப்ரேயர் முடிஞ்சு தருவாளுங்க சார் என்றேன். அவர் ஏதோ வேலையாக, சரி சரி, மறந்துறாதீங்க என்று போய்விட்டார். மறக்க முடியாது. டப்பா என் முன்னால் திறந்தே கிடக்கிறது, நான் சொன்னதெல்லாம் அதற்குள் அப்படியே இருக்கிறது. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. மேஜை மேல் அவள் விட்டுப்போன பாட்டிலில் தண்ணீர் கழுத்துவரை இருந்தது. நான் அதைத் தொடவில்லை.